திரிகையும் அதைச் சுற்றும் கையும்

அத்திப்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நோக்கினால், வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் ஓங்கி நிற்பதைக் காணலாம். 1990-களில் அங்கே முதற்கட்டமாக நிறுவிய யந்திரங்கள் மூன்று. ஒவ்வொன்றும் 210 மெகாவாட். ஆகமொத்தம் 630 மெகாவாட். இதை மனிதக் கணக்கில் சொல்லிப் பார்ப்போம். திடமான ஒரு மனிதன் சைக்கிள் மிதிப்பது போல் மணிக்கணக்காக மிதித்தால் ஏறக்குறைய 75 வாட் சக்தி தருவான். அப்படியானால் அந்த மூன்று யந்திரங்களுக்கும் ஈடு கொடுக்க 84 லட்சம் பேர் ஓயாமல் மிதிக்க வேண்டும்!

இத்தகைய ஊரில் இருந்துகொண்டு கையால் மாவரைக்கும் கல்லைப் பற்றிப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் மின்சாரம் எட்டாத கிராமங்களும், எட்டியும் நிலையாக வராத கிராமங்களும் உலகில் இன்னும் பல உண்டு. அங்கெல்லாம் தானியத்தை மாவாக்கும் பாரம் பெரும்பாலும் ஸ்திரீகளின் தோளில்தான் இருக்கிறது. ஒரேயடியாக அரைத்து வைத்துக் கொள்ளலாமே என்றால், எல்லாத் தானியமும் அதற்கு இடங்கொடுப்பதில்லை. கம்பிலே கொழுப்புச் சத்து அதிகம்; அரைத்த மாவு சில தினங்களில் கசந்துவிடும். ஆகையால் அடிக்கடி, சிறிது சிறிதாக அரைத்தாக வேண்டியிருக்கிறது.

நம் பாட்டிமார் ‘ஏந்திரம்’ என்று சொல்லிய திரிகையின் அமைப்பை அறியாதவர் இல்லை. அடிக்கல் அசையாது, அதன் நடுவில் ஒரு முளை. மேற்கல்லின் குழியில் ஒரு கையால் தானியத்தை இட்டு, மறு கையால் பிடியைச் சுற்றினால் விளிம்பு வழியே மாவு சிந்தும். விலையோ சொற்பம், தலைமுறை தலைமுறையாக உழைக்கும். குறை எங்கே என்றால், மேற்கல்லின் பாரம் முழுவதும் கீழே அழுந்திக் கிடப்பதில்தான். சுற்றுகிறவளின் சக்தியில் ஒரு பங்கு, கல்லோடு கல் உராய்வதிலேயே வீணாகிறது. மேற்கல்லை முளையின் நுனி தாங்கும்படி செய்து, ஒரு திருகாணியால் ஏற்றி இறக்க வசதி வைத்தால், ரவைக்கு ஓர் இடைவெளி, மாவுக்கு ஓர் இடைவெளி என்று அமைத்துக் கொள்ளலாம். தாங்கும் இடத்தில் பேரிங் ஒன்று வைத்துவிட்டால் சுற்றுவது இன்னும் லேசாகும். கொல்லரும் தச்சரும் உள்ள எந்த ஊரிலும் செய்யக்கூடிய காரியந்தான் இது.

ஆனால் கல்லைப் பற்றி யோசிப்பதற்கு முன், அதைச் சுற்றும் கையைப் பற்றி யோசிக்க வேண்டும். காந்தியடிகள் ஜோஹான்னஸ்பர்க்கில் பாரிஸ்டராக இருந்த நாளில் ஏழு பவுண்டு கொடுத்துக் கைத்திரிகை ஒன்று வாங்கினார். அதன் இரும்புச் சக்கரம் ஒருவரால் சுற்ற முடியாத கனம். இருவர் சேர்ந்தால் சுலபம். காந்தியும், நண்பர் போலக்கும், பிள்ளைகளுமே வழக்கமாகச் சுற்றினார்கள். கஸ்தூரிபாய் எப்போதாவது கைகொடுத்தார். நம் வீடுகளில் எத்தனை ஆண்மக்கள் திரிகையின் பிடியைத் தொட்டிருக்கிறார்கள் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கட்டும்!

மலிவான யந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் தேசத்திலேயே ஒரு நல்ல இலக்கணம் உண்டு. அது திரிகைக்கு எழுதியதல்ல, ராட்டைக்கு எழுதியது. 1929-இல் அகில இந்திய சர்க்கா சங்கம், சிறந்த ராட்டைக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தது. குடிசையில் கையாலோ காலாலோ இயக்கக் கூடியதாக இருக்க வேண்டும்; ஒரு ஸ்திரீ எட்டு மணி நேரம் அதிகப் பிரயாசையின்றி ஓட்ட வேண்டும்; இந்தியாவிலேயே 150 ரூபாய்க்கு மேற்படாமல் செய்ய முடிய வேண்டும்; இருபது ஆண்டு உழைக்க வேண்டும். பரிசை ஒருவரும் அடையவில்லை. ஆயினும் அந்த நிபந்தனைகள், பட்டறையில் தொடங்காமல், யந்திரத்தின் முன் உட்காரப் போகிறவளின் உடம்பிலும் மடிச்சீலையிலும் தொடங்கின அல்லவா? அதுதான் விசேஷம்.

1934 டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. அதை நடத்தும் பொறுப்பை ஏற்றவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா. நெல் குத்துதல், மாவரைத்தல், செக்கு, கைக்காகிதம் முதலியவற்றைச் சீர்திருத்துவதே அங்கே வேலை. தவிடு நீங்காத மாவிலும் தீட்டாத அரிசியிலும் சத்து மிகுதி என்று அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. கிராமத்தின் தொழில் கிராமத்தில் நிற்க வேண்டும் என்றதும் சரியே. ஆனால் சத்துள்ள மாவு வேண்டும் என்பதற்காக வீட்டுப் பெண் விடியுமுன் எழுந்து கல்லைச் சுற்றத்தான் வேண்டும் என்றால், அந்தத் தர்மத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டுப் பெண்கள் இவ்விஷயத்தில் தீர்ப்பளித்துப் பல காலம் ஆகிறது. கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் 1955-இல் மின்சார மாவரைக்கும் யந்திரம் செய்தார். அதன் வழிவந்த கிரைண்டர்கள் பெருகப் பெருக ஆட்டுக்கல் கொல்லைப்புறம் போயிற்று. 2011-இல் தமிழ்நாடு அரசு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, வேண்டாம், எனக்குக் கல்லே போதும் என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

ஆகவே மின்சாரமில்லாத ஊருக்குத் திரிகை செய்கிறவர், கையை விட்டுக் காலுக்கு வருவது நலம். தொடையின் தசை புஜத்தின் தசையைவிட வலியது, நெடுநேரம் சளைக்காது. மத்திய அமெரிக்காவிலுள்ள குவாதிமாலா தேசத்தில் ‘மாயா பெடல்’ என்ற ஸ்தாபனம் 1997 முதல் பழைய சைக்கிள்களைக் கொண்டு மக்காச்சோளம் அரைக்கும் மிதியந்திரங்கள் செய்து வந்திருக்கிறது. செயின் அறுந்தால் அவ்வூர் சைக்கிள் கடையிலேயே மாற்றிக் கொள்ளலாம். சீமையிலிருந்து உதிரிப்பாகம் வர வேண்டியதில்லை.

உதிரிப்பாகம் சிறிய விஷயமன்று. ஆப்பிரிக்காவில் சில மாவு யந்திரங்கள் உள்ளேயிருக்கும் சல்லடைத் தகடு கிழிந்ததும் முடங்கிப் போவதைக் கண்டு, ஏமி ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண்மணி, சல்லடையே இல்லாமல் காற்றோட்டத்தால் மாவைப் பிரிக்கும் யந்திரம் ஒன்று வகுத்தார். அது மோட்டாரால் ஓடுவது. ஆயினும் உள்ளூர்க் கொல்லரே செய்யத் தக்கது.

கல்லுக்கும் இந்த நியாயம் உண்டு. தேய்ந்த கல் அரைக்காது, வழுக்கும். அதை உளியால் கொத்த வேண்டும். “அம்மி கொத்தலியோ அம்மி!” என்று தெருத்தெருவாய்க் கூவி வந்த தொழிலாளரின் குரல் இப்போது அரிதாகிவிட்டது. புதிய திரிகையை ஒரு கிராமத்துக்குக் கொடுக்கிறவர்கள், அதனுடன் ஓர் உளியும் கொடுத்து, கொத்தும் பக்குவத்தை அவ்வூர்ப் பெண்கள் இருவருக்கேனும் கற்பித்துவிட்டு வருதல் வேண்டும்.