இறக்கையில் ஒரு பிளவு

ஹைதராபாத் என்ற பெயரில் ஒரு குண்டுவீச்சு விமானம் இருந்தது. 1923இல் முதலில் பறந்தது, 1925 கடைசியில் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தது. அந்தப் படையின் பெரிய குண்டுவீச்சு விமானங்களில் மரச்சட்டத்தால் கட்டிய கடைசி ரகம் அதுதான். அதைக் கட்டிய ஹேண்ட்லி பேஜ் கம்பெனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த விமானத்தைவிட எனக்கு நெருக்கமானது, அவர்கள் இறக்கையில் விட்ட ஒரு பிளவு.

பிரெடரிக் ஹேண்ட்லி பேஜ் மின்பொறியாளர். 1909இல் கம்பெனி தொடங்கினார். முதல் உலகப் போரில் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் கட்டிப் பெயர் வாங்கினார். போர் முடிந்ததும் ஆர்டர்கள் நின்றுபோயின. அந்த வறண்ட நாட்களில்தான் பிளவு பிறந்தது.

ரயில் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையைக் கிடையாக நீட்டி, மெல்ல நிமிர்த்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கை மேலே எழும்பும். ஓரளவுக்கு மேல் நிமிர்த்தினால் எழுப்பும் விசை போய், பின்னால் தள்ளுவது மட்டும் மிஞ்சும். இறக்கைக்கும் இதே கதிதான். சாதாரண இறக்கை சுமார் 15 டிகிரி நிமிர்ந்ததும், மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு விலகிவிடும். விமானம் சரியும். தரையிறங்க வேகத்தைக் குறைக்கும்போது இப்படி ஆனால் மீள உயரம் இருக்காது. அந்தக் காலத்தில் எத்தனையோ விமானிகள் இப்படித்தான் செத்தார்கள்.

ஹேண்ட்லி பேஜ் இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு பட்டையைப் பிரித்து, நடுவே இடைவெளி விட்டார். ஓட்டை போட்டால் இறக்கை கெட்டுப்போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது நேர்மாறு. முன்பட்டை இருப்பதால் பிரதான இறக்கையின் மூக்கில் காற்று தலைதெறிக்க ஓடி உடனே தளர்ந்துபோகும் நிலை தணிகிறது. காற்று பரப்போடு ஒட்டியே போகிறது. இறக்கை இன்னும் நிமிரலாம், விமானம் இன்னும் மெதுவாக இறங்கலாம். 1920இல் பறந்தே காட்டினார்கள்.

ஜெர்மனியில் குஸ்தாவ் லாக்மன் என்ற விமானி, 1917இல் இதேபோல் சரிந்து விழுந்து, மருத்துவமனையில் படுத்தபடியே இதே பிளவை யோசித்திருந்தார். ஹேண்ட்லி பேஜ் காப்புரிமை யாருக்கு என்று வழக்குக்குப் போகாமல் அவரோடு உடன்பாடு செய்துகொண்டார். லாக்மன் பிறகு அந்தக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்தார். இரு நாட்டு விமானிகள் பலரைக் கொன்ற போர் முடிந்த கையோடு இப்படி ஒரு கூட்டு அமைந்தது எனக்குப் பெரிய விஷயம். காப்புரிமை வருமானம் கம்பெனியையும் நிமிர்த்தியது.

கம்பெனி 1970இல் மூடப்பட்டது. பிளவு இருக்கிறது. ஹைதராபாத்தின் ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் இறங்கும் ஏர்பஸ் 320இல் இறக்கைக்குச் சற்று முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தால், முன்விளிம்பு நீண்டு கீழே சாய்வதைப் பார்க்கலாம். நம் தேஜஸ் போர் விமானத்திலும் அது உண்டு. ஹைதராபாத்தை ஒட்டிய ஆதிபட்லாவில் டாடா - லாக்ஹீட் கூட்டு ஆலை இறக்கை செய்யும் எஃப்-16 போர் விமானத்துக்கு மட்டும் வேறு வழி: அதன் முன்விளிம்பு இடைவெளி இல்லாமல், அப்படியே கீழ்நோக்கி மடங்கும்.