விண்கல் வாங்கும் முன்

தில்லியில் 1897ஆம் ஆண்டு ஒரு விண்கல் விழுந்தது. அந்நகரின் பெயரே அதற்கு இடப்பட்டது. பீகாரின் ஷேர்காட்டியில் 1865 ஆகஸ்டு 25 அன்று விழுந்த சுமார் 5 கிலோ கல்லோ செவ்வாய்க் கோளிலிருந்து வந்தது. இவை சேகரிப்போரின் ஆவலைத் தூண்டுவது இயல்பே. அமெரிக்காவின் டூசான் நகரில் ஆண்டுதோறும் கூடும் கனிமச் சந்தையில் விண்கற்கள் கிராம் கணக்கில் விலைபோகின்றன.

ஆயினும், இந்திய மண்ணில் விழுந்த விண்கல் அரசின் உடைமை. அதன் பாதுகாவலர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. கண்டெடுத்தவர் அதனை ஒப்படைத்தல் வேண்டும், விற்றல் ஆகாது.

கருகிய மெல்லிய மேற்புறம், காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மை, அளவுக்கு மிஞ்சிய கனம் ஆகியன விண்கல்லின் அடையாளங்கள். மெருகிடாத பீங்கானில் உரைக்கையில் செந்நிறக் கோடு விழுமாயின், அது பெரும்பாலும் ஹெமடைட் என்னும் இரும்புத் தாதுவே. இறுதி முடிவு ஆய்வுக்கூடத்திற்குரியது.

விண்கற்களில் இரிடியம் பூமியின் மேலோட்டைவிட மிகுதி என்பது உண்மை. கோபுரக் கலசத்தில் இரிடியம் உண்டென்று நம் ஊர்களில் உலவும் கதையோ வெறும் மோசடி. இதன் உடன்பிறப்பே அரிசியை ஈர்க்கும் செப்புத் தகடு. அத்தகைய தகட்டை நாசா பெருந்தொகைக்கு வாங்கும் என்று நம்பவைத்து, வணிகர் ஒருவரிடம் ரூ.1.43 கோடி பெற்றதாகத் தந்தையையும் மகனையும் தில்லிக் காவல்துறை 2018 மே மாதம் கைது செய்தது. கதிரியக்கப் பாதுகாப்பு உடை அணிந்து சோதனை நாடகமும் நடந்ததாம்!

வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடிக்க வருவோரிடம் நாங்கள் காரணம் வினவுவது இதனாலும்தான். சோதனைக் கட்டணமென எவரேனும் முன்பணம் கோரினால் கொடாதீர்கள். இணையவழியில் பணம் அனுப்பி ஏமாந்திருப்பின், தாமதியாது 1930 என்னும் எண்ணிற்கும் தங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள்.