குறித்த நேரத்தில் கணினி வேலை



பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறது. ஆசிரியர் அடுத்த பாடத்தைத் தொடங்குகிறார். மணி பாடம் நடத்துவதில்லை. நேரம் வந்துவிட்டது என்று அறிவிப்பதே அதன் வேலை. கணினிக்குள்ளும் இத்தகைய மணி ஒன்று உண்டு. அதற்கு டைமர் என்று பெயர். அதனைப் பயன்படுத்தும் முறையை இன்று காண்போம்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் பவர்ஷெல் என்னும் மென்பொருளை வெளியிட்டது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை வேலை வாங்குவதற்கான சாளரம் அது. மாணவர்களின் புள்ளிகள் அடங்கிய கோப்பை, 10 நிமிடத்திற்கு ஒரு முறை வேறொரு வட்டில் படியெடுத்து வைக்க வேண்டும் என்று கொள்வோம். ஓராண்டு உழைப்பு அந்தக் கோப்பில் இருக்கிறது அல்லவா?

இதற்கு நான்கு படிகள் உள்ளன. முதலாவதாக, ஒரு டைமரை உருவாக்குகிறோம். இரண்டாவதாக, இடைவெளியைக் குறிக்கிறோம். டைமர் மில்லி விநாடியில் கணக்கிடும். 1 விநாடிக்கு 1,000 மில்லி விநாடி. ஆகவே 10 நிமிடத்திற்கு 600,000 என்று எழுத வேண்டும். வெறும் 600 என்று எழுதினால், ஒரு விநாடி முடியும் முன்பே மணி அடித்துவிடும்! மூன்றாவதாக, மணி அடித்தால் செய்ய வேண்டிய வேலையை அதனுடன் இணைக்கிறோம். இதற்குரிய கட்டளை 'ரிஜிஸ்டர்-ஆப்ஜெக்ட்ஈவன்ட்' என்பது. இணைப்புக்கு ஒரு பெயரும் இட வேண்டும். நான்காவதாக, டைமரை முடுக்கிவிடுகிறோம். முடுக்கியவுடன் வேலை நடக்காது. முதல் 10 நிமிடம் கழிந்த பிறகே நடக்கும்.

வேலை முடிந்ததும் டைமரை நிறுத்தி, 'அன்ரிஜிஸ்டர்-ஈவன்ட்' என்ற கட்டளையால், நாம் இட்ட பெயரைச் சொல்லி, இணைப்பையும் நீக்கிவிட வேண்டும்.

இனி, கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, பவர்ஷெல் வேறொரு நீண்ட கட்டளையில் ஈடுபட்டிருந்தால், மணி அடித்தாலும் நம் வேலை காத்திருக்க நேரும். இரண்டு, இணைத்த வேலையில் பிழை நேர்ந்தால் திரையில் எச்சரிக்கை தோன்றாது. படியெடுக்கப்பட்டதாக நாம் நம்பிக்கொண்டிருப்போம். உண்மையில் ஒன்றும் நடந்திராது. எனவே ஒவ்வொரு முறையும் நேரத்தை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதச் செய்து, அதைப் பார்வையிடுவது நலம். மூன்று, பவர்ஷெல் சாளரத்தை மூடினால் டைமரும் அதனுடன் மறைந்துவிடும்.

அப்படியானால் இரவு 2 மணிக்கு, ஆளில்லாத அலுவலகத்தில் நடக்க வேண்டிய வேலைக்கு என்ன வழி? அதற்கு டைமர் பொருந்தாது. விண்டோஸ் கணினியில் 'டாஸ்க் ஸ்கெடியூலர்' இருக்கிறது. யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் 'கிரான்' இருக்கிறது. கிரானிடம் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து குறிப்புகளை அந்த வரிசையில் கொடுத்தால் போதும். சாளரம் திறந்திருக்கத் தேவையில்லை. கணினி இயங்கிக்கொண்டிருந்தால் போதும்.

கற்கத் தொடங்குவோர் முதலில் 5,000 என்ற இடைவெளியை வைத்து, திரையில் நேரத்தை மட்டும் காட்டச் செய்து பார்க்கலாம். 'ரைட்-ஹோஸ்ட்' என்ற கட்டளையைக் கொண்டு எழுதினால்தான் அது திரையில் தெரியும். ஐந்து விநாடிக்கு ஒரு முறை நேரம் ஒழுங்காகத் தோன்றிய பின்னர், அருமையான கோப்புகளை அதன் பொறுப்பில் விடுவோம்.