நசுங்கிய விமானப் பாகம்: 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பாடம்

பிரிண்டர் என்றால் தாளில் எழுத்தையும் படத்தையும் அச்சிடும் கருவி என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். 3டி பிரிண்டர் ஒரு பொருளையே செய்து தருகிறது. பிளாஸ்டிக் இழையைச் சூடாக்கி, மெல்லிய அடுக்குகளாக ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசி, கம்ப்யூட்டர் திரையில் பார்த்த வடிவத்தைக் கையில் எடுத்துக் கொடுத்துவிடும்.

கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் இந்தக் கருவிக்கு வேலை அதிகம். பம்பு, மோட்டார், விசைத்தறி, வார்ப்படம் என்று வளர்ந்த ஊர்கள் இவை. ஒரு உதிரிபாகம் கடையில் கிடைக்கவில்லை என்றால் நாமே செய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இங்கே நிறையப் பேர். நல்ல பழக்கம்தான். ஆனால் இன்ஜின் பக்கத்தில் வைக்கும் பாகத்தைப் பிரிண்ட் செய்யும் முன், பிரிட்டனில் 2025ல் நடந்த ஒரு விபத்தைத் தெரிந்து கொள்ளுங்கள்.

என்ன நடந்தது?

வெளிநாடுகளில் பலர் வரைபடம் வாங்கித் தாங்களே விமானம் கட்டுகிறார்கள். நம் நாட்டிலும் மும்பை விமானி அமோல் யாதவ் வீட்டு மொட்டை மாடியில் கட்டிய விமானம், 2016ல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் இடம்பெற்றது. இப்படி வரைபடம் பார்த்துக் கட்டும் விமானங்களில் ஒன்று கோஸி மார்க் 4. நான்கு பேர் அமரலாம். இன்ஜின் பின்புறம் இருக்கும்.

2025 மார்ச் 18 அன்று இத்தகைய விமானம் ஒன்று இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் விமான நிலையத்தில் இறங்க வந்தது. தரையை நெருங்கும்போது இன்ஜின் சக்தி முழுவதும் போய்விட்டது. ஓடுபாதையை எட்டும் முன்பே தரையிறங்கி, தரையிறங்க வழிகாட்டும் கருவி அமைப்பின் மீது மோதி நின்றது. விமானி சிறு காயத்துடன் தப்பினார்.

பிரிட்டனின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு இன்ஜினைச் சோதித்தது. காற்று வடிகட்டியிலிருந்து இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் வளைந்த குழாய், அதாவது எல்போ, நசுங்கிக் கிடந்தது. அது 3டி பிரிண்டரில் செய்த பிளாஸ்டிக் குழாய். எரிபொருள் அமைப்பை மாற்றியபோது பொருத்தப்பட்டது. இன்ஜின் சூட்டில் அது இளகியிருந்தது. இன்ஜின் காற்றை உறிஞ்சியபோது உள்ளே அமுங்கிவிட்டது. மெல்லிய ஸ்ட்ராவில் இளநீரை வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக் கொள்ளும் அல்லவா, அதே கதைதான். காற்று போகாவிட்டால் இன்ஜின் ஓடாது.

105 சொன்னார்கள், 54தான் இருந்தது

ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் ஒரு குறிப்பிட்ட சூட்டில் விறைப்பை இழந்து இளக ஆரம்பிக்கும். இதைக் கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை என்பார்கள். உருகும் வெப்பநிலை வேறு, இது வேறு. உருகுவதற்கு வெகு முன்பே பாகம் பலம் இழந்துவிடும்.

அந்தக் குழாயை அமெரிக்காவில் ஒரு விமானக் கண்காட்சியில் வாங்கியதாக உரிமையாளர் கூறினார். கார்பன் இழை கலந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக், 105 டிகிரி செல்சியஸ் வரை இளகாது என்பதே விற்றவர் சொன்னதாக அவர் புரிந்து கொண்டது. புலனாய்வுப் பிரிவு இரண்டு துண்டுகளை ஆய்வகத்தில் அளந்தது. கிடைத்த அளவுகள் 52.8 டிகிரி, 54.0 டிகிரி. சொன்னதில் பாதிதான்!

விமானத்தின் மூல வரைபடத்தில் இந்தக் குழாய் கண்ணாடி இழையும் எபாக்ஸியும் கொண்டு செய்யப்பட வேண்டும். அந்த எபாக்ஸி இளகும் வெப்பநிலை 84 டிகிரி. காற்று வடிகட்டி மாட்டும் முனையில் ஒரு அலுமினியக் குழாயும் உள்ளே இருக்கும். சூடானாலும் அந்த முனை நசுங்காமல் அது தாங்கும். பிரிண்ட் செய்த குழாயில் அந்த அலுமினியம் இல்லை.

பைலுக்கு இது தெரியாது

கம்ப்யூட்டர் பயன்படுத்தும் நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 3டி வடிவங்கள் பெரும்பாலும் எஸ்டிஎல் என்னும் பைலாக டவுன்லோடு ஆகின்றன. அந்தப் பைலில் இருப்பது முக்கோணங்கள் மட்டுமே. ஆயிரக்கணக்கான முக்கோணங்கள் சேர்ந்து வெளிப்புற வடிவத்தைச் சொல்கின்றன. எந்தப் பொருளில் செய்ய வேண்டும், எவ்வளவு சூடு தாங்க வேண்டும் என்ற தகவல் அதில் கிடையாது.

அடுத்து, கியூரா, புரூசாஸ்லைசர் போன்ற ஸ்லைசர் சாப்ட்வேரில் பைலைத் திறக்கிறீர்கள். அங்கே பிளாஸ்டிக் வகையைத் தேர்வு செய்ய ஒரு பட்டியல் வரும். அதில் ஏபிஎஸ் என்று கிளிக் செய்தால், பிரிண்டர் முனையும் தட்டும் எவ்வளவு சூடாக வேண்டும் என்பது போன்ற அமைப்புகள்தான் மாறும். பிரிண்டரில் நீங்கள் மாட்டியிருக்கும் இழை உண்மையில் என்னவென்று சாப்ட்வேருக்குத் தெரியாது. திரையில் எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒரே மாதிரி உறுதியாகத்தான் தெரியும்.

எந்த இழை எவ்வளவு தாங்கும்?

இளக ஆரம்பிக்கும் வெப்பநிலை சுமாராக:

பிஎல்ஏ: 55 முதல் 60 டிகிரி. பொம்மை, பேனா ஸ்டாண்டு, மாதிரி வடிவங்களுக்கு ஏற்றது. கோடையில் வெயிலில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்தால்கூட வளைந்துவிடலாம்.

பிஇடிஜி: சுமார் 80 டிகிரி. வீட்டு உபயோகக் கொக்கி, மூடி, பெட்டிகளுக்கு நல்லது.

ஏபிஎஸ்: சுமார் 105 டிகிரி. பிரிண்ட் செய்யும்போது புகை வரும், அறையில் காற்றோட்டம் தேவை. பெட்ரோல் பட்டால் கெடும்.

பாலிகார்பனேட்: சுமார் 145 டிகிரி. சாதாரண வீட்டு பிரிண்டரில் அச்சிடுவது கடினம்.

இழையின் பெயரில் கார்பன் என்று இருந்தாலே சூடு தாங்கும் என நினைக்க வேண்டாம். நறுக்கிய கார்பன் இழைகள் விறைப்பைக் கூட்டும். ஆனால் இளகும் வெப்பநிலையைப் பெரும்பாலும் அடிப்படைப் பிளாஸ்டிக்தான் தீர்மானிக்கிறது.

வீட்டில் ஒரு சோதனை

இழைச் சுருளின் லேபிள் சரியா என்று ஓரளவு நீங்களே பார்க்கலாம். 10 செ.மீ. நீளம், 2 மி.மீ. கனத்தில் ஒரு பட்டை பிரிண்ட் செய்யுங்கள். சமையலுக்குப் பயன்படாத பழைய பாத்திரத்தில் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி, பட்டையைச் சில நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு கரண்டியால் அழுத்துங்கள். சாதாரண பிஎல்ஏ துவண்டுவிடும், ஏபிஎஸ் விறைப்பாகவே இருக்கும். தவறான லேபிளைக் கண்டுபிடிக்க இது உதவும். பாகம் இன்ஜினுக்கு ஏற்றது என்ற சான்றிதழ் ஆகாது.

பிரிண்டர் மேல் தவறா?

இல்லை. சென்னையின் அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்திய ராக்கெட்டின் இன்ஜினே ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்யப்பட்டதுதான். ஆனால் அது உலோகம், பலமுறை சோதிக்கப்பட்டது. அடுக்கடுக்காகச் செய்வது ஒன்றுதான், பொருளும் சோதனையும் வேறு.

நம் ஊரில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. சூடு தாங்க வேண்டிய பாகத்தைப் பிளாஸ்டிக்கில் பிரிண்ட் செய்து, அதைப் பேட்டர்னாக மட்டும் பயன்படுத்துங்கள். மணல் அச்சு எடுத்தபின் பேட்டர்னை வெளியே எடுத்துவிடுவார்கள். பிறகுதான் அலுமினியம் ஊற்றுவார்கள். அதனால் பிளாஸ்டிக் மேல் சூடு படாது. அலுமினியம் ஆறும்போது சுமார் 1.3 சதவீதம் சுருங்கும். ஸ்லைசரில் அளவை 101.3 சதவீதம் என்று மாற்றிவிட்டுப் பிரிண்ட் செய்யுங்கள். கடைசல் வேலைக்கு எவ்வளவு கனம் விட வேண்டும் என்பதைப் பவுண்டரியில் கேட்டுக் கொள்ளுங்கள்.

பைக், ஜெனரேட்டர், ஆயில் இன்ஜின் எதுவானாலும் பிரிண்ட் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த இடம் எவ்வளவு சூடாகும்? இந்த இழை எவ்வளவு தாங்கும் என்பதை அளந்தது யார்? ஓடும்போது இது உடைந்தால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்கு "ஒருவருக்கு அடிபடும்" என்பது பதிலானால், அந்தப் பாகத்தை வீட்டு பிரிண்டரில் செய்யாதீர்கள்.