கனத்த இயந்திரங்களைப் பத்திரமாக ஏற்றி அனுப்பும் முறை

வள்ளூர் அனல் மின் நிலையத்தின் பக்கமாகவோ, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் பக்கமாகவோ சென்றவர்கள், பல சக்கரங்கள் பூண்ட நீண்ட வண்டிகள் பெரும் இயந்திரங்களைச் சுமந்து ஊர்ந்து செல்வதைக் கண்டிருப்பார்கள். வள்ளூரில் உள்ள 500 மெகாவாட் அலகுகள் மூன்றும் எங்கெங்கிருந்தோ பாகம் பாகமாகக் கொண்டுவரப்பட்டுத் தூக்கி நிறுத்தப்பட்டவையே.

இது தொழிற்சாலைக்காரர்களின் கவலை என்று பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் எண்ணிவிடலாகாது. நெல் அறுவடை இயந்திரம், டிராக்டர், சுழற்கலப்பை, மின்மாற்றி, குடிநீர்த் திட்டத்தின் மோட்டார் ஆகியவை இன்று ஊர்தோறும் ஏற்றி இறக்கப்படுகின்றன. தொழிற்சாலையில் இதற்கெனப் பயின்ற ஆட்கள் உண்டு. ஊரிலோ அவ்வேளையில் அருகே நிற்பவர்களே கைகொடுக்கிறார்கள். அபாயமும் அவர்களையே சேர்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், மாலை மங்கிய வேளையில் அறுவடை இயந்திரம் ஒன்றை லாரியில் ஏற்றினார்கள். ஏரிக்கரை மேட்டோடு லாரியின் பின்புறத்தைச் சேர்த்து நிறுத்தி, இரு பலகைகளைப் பாலமாக வைத்தார்கள்; லாரியின் சக்கரங்களுக்கு முன்னே கட்டை கொடுக்கவில்லை. பாரம் பலகையில் ஏறியதும் லாரி ஒரு முழம் நகர்ந்தது, பலகை நழுவியது, பக்கத்தில் நின்று வழிகாட்டிய இளைஞரின் கால் நசுங்கியது. மறுநாள் நாம் சென்று பார்த்தபோது, வேண்டிய கட்டைகள் பத்தடி தூரத்தில் ஒரு வேலியோரம் கிடந்தன. அந்த இளைஞர் இன்றும் ஊன்றுகோலுடன் நடக்கிறார்.

முதலில் அறியவேண்டியது எடை. இயந்திரத்தில் பொருத்திய தகட்டிலோ, உடன் வந்த புத்தகத்திலோ அது குறிக்கப்பட்டிருக்கும். கண்மதிப்பை நம்பலாகாது. அடுத்தது, எடை எப்பக்கம் மிகுந்திருக்கிறது என்பது. என்ஜின் உள்ள பக்கம் கனக்கும். ஆகவே நீளத்தின் நடுவே எடையின் நடு அன்று. தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்திப் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். சாய்ந்தால் இறக்கி, மீண்டும் கட்டவேண்டும். ஆட்கள் ஏறி நின்று சமன் செய்வது கூடவே கூடாது.

கயிற்றின் கோணம் பலரும் கவனியாத விஷயம். இருவர் ஒரு வாளி நீரைக் கயிறு கட்டித் தூக்கும்போது, நெருங்கி நின்றால் எளிதாக இருக்கிறது; விலகி நின்றால் அதே வாளி கையைப் பிய்க்கிறது. கிரேனின் கொக்கியிலிருந்து இறங்கும் இரு சங்கிலிகளுக்கும் இதே நியதிதான். இரண்டு டன் இயந்திரத்தை நேராகத் தொங்கும் இரு சங்கிலிகள் தூக்கினால் ஒவ்வொன்றும் ஒரு டன் தாங்கும். அவை கிடைமட்டத்திற்கு 60 பாகை சாய்வில் இருந்தால் ஏறத்தாழ 1.15 டன்னும், 45 பாகையில் 1.4 டன்னும், 30 பாகையில் முழு இரண்டு டன்னும் ஒவ்வொரு சங்கிலியின்மேலும் விழும். ஆகவே நீளமான சங்கிலியைக் கொண்டு சாய்வைச் செங்குத்தாக்குவதே அறிவுடைமை. இழை அறுந்த கம்பிக்கயிற்றையும், முடிச்சிட்ட பெல்ட்டையும் ஒதுக்கிவிடவேண்டும்.

கிரேன் நிற்கும் தரையும் உறுதியாக இருத்தல் அவசியம். புதிதாகக் குழாய் பதித்து மூடிய பள்ளம், சாக்கடை மூடி, வரப்போரம் ஆகியவை ஆகா. தாங்குகால்களின் அடியில் கனத்த மரக்கட்டைகளைப் பரப்பவேண்டும். தூக்கிய பாரத்தின் கீழ் எவரும் நிற்கலாகாது. சைகை காட்டுபவர் ஒருவரே. ஆனால் "நிறுத்து" என்று எவர் சொன்னாலும் நிறுத்தவேண்டும்.

இனிக் கட்டுதல். பிரேக் போட்டால் பஸ்ஸில் நிற்பவர் முன்னே சாய்கிறார் அல்லவா? இயந்திரமும் அவ்வாறே சாயும். முன்புறம் எடையில் பத்தில் எட்டுப் பங்கும், பக்கங்களிலும் பின்புறத்திலும் பாதியும் தாங்குமாறு கட்டவேண்டும் என்பது பல நாடுகளில் கைக்கொள்ளப்படும் கணக்கு. இரண்டு டன் இயந்திரத்திற்கு அது முறையே 1.6 டன், ஒரு டன். கை பிரேக்கும் கியரும் மட்டும் போதா. லாரித் தளத்திலுள்ள சேறு, எண்ணெய், வைக்கோல் ஆகியவற்றைத் துடைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை அடித்து, நான்கு மூலைகளிலும் சங்கிலியால் இழுத்துக் கட்டவேண்டும். கூரிய விளிம்புகளில் பெல்ட் அறுபடாமல் கனத்த தோலோ ரப்பரோ வைக்கவேண்டும். புறப்பட்டுச் சில கிலோமீட்டர் சென்றதும் வண்டியை நிறுத்தி மறுபடி முறுக்கவேண்டும். ஆட்டத்தில் கட்டுத் தளர்வது இயல்பு. பாரத்தின்மேல் ஆளை ஏற்றி அனுப்பலாகாது.

வழியை ஆராய்வதில் பஞ்சாயத்தின் பொறுப்பு பெரிது. வந்தவாசியை அடுத்த கொரக்கோட்டையில் வெட்டிய பெருங்கல்லில் செதுக்கிய சிலை, 240 சக்கர வண்டியில் 2018 டிசம்பரில் பெங்களூருக்குப் புறப்பட்டதைப் பலர் அறிவர். வழியில் சில வீடுகளும் கடைகளும் இடிபட்டன. ஓசூரை அடுத்துத் தென்பெண்ணையாற்றில் தற்காலிக மண்பாதை போட நேர்ந்தது. லாரி ஒரே நாளில் கடக்கும் தூரத்திற்கு மாதங்கள் பல ஆயின. நம் ஊர்ச் சிறுபாலமும் ஓர் அளவுக்குமேல் தாங்காது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

மின்கம்பி இன்னும் கொடிது. 27-4-2022 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேரானது உயரழுத்த மின்கம்பியைத் தொட்டு 11 பேர் உயிரிழந்தனர். பாரம் ஏற்றிய வண்டியின் உயரத்தைக் கோல் கொண்டு அளந்து, சந்தேகம் இருப்பின் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திற்கு முன்னதாகவே அறிவித்து, மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கடக்கவேண்டும். கழியால் கம்பியை உயர்த்திப் பிடிப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். சாலைமேல் சாலை போட்டுத் தரை உயர்ந்த தெருக்களில் இன்னும் அதிக எச்சரிக்கை தேவை.

இவற்றுக்குப் பெரும் செலவில்லை. நான்கு மரக்கட்டைகள், நல்ல சங்கிலிகள், ஓர் அளவுகோல் ஆகியவற்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்து, கேட்பவருக்கு இரவல் தரலாம். அறுவடைக் காலம் தொடங்குமுன் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு எல்லா உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறோம். இருட்டிய பின் ஏற்றுவதைக் காலைக்குத் தள்ளிவைத்தால் ஓர் இரவு வாடகை கூடலாம். அந்த இளைஞரின் காலுக்கு அது பெரிய விலையன்று.