மடிக்கணினியின் திரை தடுமாறும்போது

விருத்தாசலத்திலும், அதனை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களிலும், கல்யாண ஆல்பம் தயாரிக்கும் ஸ்டுடியோக்காரர்களும், யந்திர வரைபடம் பயிலும் மாணவர்களும், வீடியோ வெட்டி ஒட்டி ஜீவனம் நடத்தும் இளைஞர்களும் கிராபிக்ஸ் கார்டு உள்ள மடிக்கணினியைக் கடனுக்கேனும் வாங்கிவிடுகிறார்கள். வேலை நடந்துகொண்டிருக்கையில் திரையில் வண்ணச் சதுரங்கள் முளைத்து, கோடுகள் ஓடி, நீலத்திரையோடு யந்திரம் நின்றுவிடுமானால், அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடத்தில் முதலில் காதில் விழுவது, “சிப் போயிடுச்சு, கேம் ஆடினீங்களா?” என்ற கேள்விதான். குற்றம் வாங்கியவர்மேல் சுமத்தப்பட்ட அந்த க்ஷணத்திலேயே அவர் தம்முடைய உரிமையில் பாதியை மனத்தளவில் இழந்துவிடுகிறார். கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கு முன்னர் பணத்தையும் கொடுக்கலாகாது, பழியையும் ஏற்கலாகாது என்பதே நமது அபிப்பிராயம்.

இத்தகைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் சித்திரம் தீட்டும் சிப்புகள் இரண்டு உண்டு. ஒன்று மையச் செயலியோடு சேர்ந்தே இருப்பது. மற்றொன்று என்விடியா அல்லது ஏஎம்டி நிறுவனத்தின் தனிச் சிப். இவற்றை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளே டிரைவர். சிப்புக்கு இட்ட வேலைக்கு இரண்டு விநாடிக்குள் மறுமொழி வராவிட்டால், விண்டோஸ் அதைத் தானாகவே மீட்டுத் துவக்க முயல்கிறது. திரை கறுத்து மீள்வதும், டிஸ்ப்ளே டிரைவர் நின்று மீண்டது என்ற அறிவிப்பு வருவதும் இதனால்தான். மீட்சி கைகூடாவிட்டால் நீலத்திரை. எனவே, திரை கறுத்ததனாலேயே சிப் செத்தது என்று கொள்வது நியாயமன்று. புதிதாக இறங்கிய டிரைவரின் பிழையாகவோ, தூசி அடைத்த விசிறியால் ஏறிய உஷ்ணமாகவோ இருக்க இடமுண்டு.

இதைப் பிரித்தறிய வீட்டிலேயே செய்யத்தக்க பரீட்சைகள் சில உள. முதலாவது, கோடுகள் தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு போனில் திறந்து பார்ப்பது. அந்தப் படத்திலும் கோடுகள் இருந்தால் பிழை டிரைவரிலோ சிப்பிலோ அதன் நினைவகத்திலோ இருக்கிறது; படம் சுத்தமாக இருந்தால் திரைப்பலகையையும் அதற்குச் செல்லும் கேபிளையும் சந்தேகிக்க வேண்டும். எச்டிஎம்ஐ கம்பியால் வீட்டு டிவியில் இணைத்துப் பார்ப்பதும் இதே உண்மையை வேறு வழியில் காட்டும். விண்டோஸ் எழும்புவதற்கு முன்னர் வரும் பயாஸ் திரையிலேயே கோடுகள் தோன்றுமானால், விண்டோஸ் டிரைவருக்கு அங்கே வேலையே இல்லையாதலால், பிழை பெரும்பாலும் வன்பொருளினுடையது. அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும்பும் சேஃப் மோடில் கோளாறு மறைந்துவிட்டால், பழைய டிரைவரை முற்றிலும் நீக்கி, மடிக்கணினி தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே டிரைவரை மீண்டும் நிறுவிப் பார்க்கலாம். ஒவ்வொன்றையும் தேதியுடன் போட்டோவும் வீடியோவும் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம். பிற்காலத்தில் அதுவே சாட்சியம்.

சிப்பே பழுது என்று தெரிந்தாலும், அது உபயோகித்தவரின் அபராதமாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. பீங்கான் தொழிலில் கை பழகிய விருத்தாசலத்தாருக்கு இதன் காரணத்தை விளக்குவது எளிது. மண்ணுடலும் அதன்மேல் பூசிய கிளேஸும் சூட்டில் விரிந்து ஆறுகையில் சுருங்கும் அளவு ஒத்திராவிட்டால், சூளையிலிருந்து அழகாக வெளிவந்த பாண்டமும் நாளடைவில் மயிரிழை விரிசல் காண்கிறதல்லவா? சிலிக்கான் சில்லும், அது அமர்ந்திருக்கும் அடிப்பலகையும் அவ்வாறே வேறுவேறு அளவில் விரிகின்றன. இரண்டையும் பிணைக்கும் நுண்ணிய சால்டர் புள்ளிகள் ஒவ்வொரு சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் இழுபட்டு, தேர்ந்தெடுத்த பொருள் பலவீனமானதாயின் விரிசல் விடுகின்றன. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனமே, மடிக்கணினிகளுக்கு விற்ற சில சிப்புகளின் கட்டமைப்புப் பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு, பழுதுச் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. டெல், எச்பி, ஆப்பிள் ஆகிய நிறுவனங்களின் யந்திரங்கள் இதில் அகப்பட்டன. வாங்கியவர்கள் தொடுத்த வழக்கில் 2010இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டது. அதன் பலன் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கே கிட்டியது என்பது நமக்கு வருத்தந்தரும் விஷயம். ஆயினும், கோடிக்கணக்கில் விற்கும் நிறுவனமும் பிறவிக் குறையோடு சிப்பை விற்றுவிடக்கூடும் என்பதற்கு அதைவிடச் சிறந்த அத்தாட்சி வேண்டுவதில்லை.

இங்கே ஒரு கடும் எச்சரிக்கை. சிப்பை ஹாட் ஏர் கருவியால் சூடேற்றி உயிர்ப்பிப்பதாகக் கூறும் ரீஃப்ளோ வேலை பல இடங்களில் மலிவாகக் கிடைக்கிறது. சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ திரை தெளிந்துவிடும். பின்னர் பழைய கதையே. வெப்பத்தால் விரிந்ததை வெப்பத்தாலேயே குணப்படுத்த நினைப்பது எனக்கு என்றுமே விநோதமாகத்தான் படுகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், வாரண்டி போவதும், உற்பத்திக் குறையைக் காட்டக்கூடிய சாட்சியம் அழிவதும். வாரண்டி உள்ளவரை அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரைத் தவிர வேறெவரும் யந்திரத்தைத் திறக்க விடாதீர்கள். கொடுக்கும்போது கோளாறின் விவரமும் சீரியல் எண்ணும் எழுதிய ஜாப் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். சொந்தப் படங்களையும் வங்கி விவரங்களையும் முன்பே பிரதியெடுத்து நீக்கிவிடுங்கள். இணையத்தில் தேடிய உதவி எண்ணில் பேசுகிறவர் தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் செயலியை நிறுவச் சொன்னால் உடனே துண்டித்துவிட வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணில் தாமதமின்றிப் புகார் செய்யலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் கொடுக்க மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. தந்தை வாங்கிக் கொடுத்த கணினியை உபயோகிக்கும் மகளும் நுகர்வோரே. சுயதொழிலால் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய ஸ்டுடியோக்காரரும் நுகர்வோரே. குறையுள்ள பொருளால் விளைந்த தீங்குக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் தனி அத்தியாயமும் அச்சட்டத்தில் உண்டு. வாரண்டி முடிந்த மறுநாளே வழி அடியோடு அடைபட்டுவிடுவதில்லை. ஆனால் பிறவிக் குறை என்று நிரூபிக்கும் பாரம் புகார் செய்பவர்மேல் கூடுதலாக விழும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அநேக தகராறுகள் அங்கேயே முடிகின்றன. முடியாவிட்டால், எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்பி, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். யந்திரம் பெங்களூரிலிருந்து ஆன்லைனில் வந்ததாயினும், வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரச் சட்டம் இடந்தருகிறது. கருவேப்பிலங்குறிச்சியாருக்கு அது கடலூர். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. குறையைச் சோதித்தே அறிய வேண்டுமெனில், ஆணையம் யந்திரத்தைத் தக்க ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தச் செலவைப் புகார்தாரர் முன்பணமாகக் கட்ட நேரும் என்பதை நினைவில் கொள்க. பழுது நீக்கவும், மாற்றுக் கணினி தரவும், விலையைத் திருப்பவும், நஷ்டஈடு வழங்கவும் ஆணையிடும் அதிகாரம் அதற்கு உண்டு. கடலூருக்குப் போய்வரும் பஸ் செலவுக்கும் ஒரு நாள் கூலிக்கும் அஞ்சுகிறவர்கள், புகாரை இணையவழியே தாக்கல் செய்து, காணொலி மூலம் விசாரிக்கும்படி மனுச்செய்து கேட்கலாம்.