ஓகஸ்டில் பிறந்த பெடியன்

வடமேற்கு லண்டனில் ஒன்பது வயதுக்குட்பட்ட பெடியளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். எங்கள் அணியில் செப்டெம்பர் தொடக்கத்தில் பிறந்த ஒருவனும் அடுத்த ஓகஸ்ட் கடைசியில் பிறந்த ஒருவனும் சேர்ந்து ஆடுகிறார்கள். இளையவன் மூத்தவனின் தோளுக்குத்தான் வருவான். தோளோடு தோள் மோதினால் புல்லில் கிடப்பான். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது அதன் ஆயுளில் எட்டிலொரு பங்கல்லவா!

ஆனால் அந்தச் சின்னவன், பந்து காலுக்கு வருமுன்பே தோளுக்கு மேலால் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பான். அதை நான் பழக்கவில்லை. ஆள் தெரிவுசெய்ய வருகிறவர்களின் கண் அதில் படுவதில்லை. "அந்த உயர்ந்த பெடியன் ஆர்?" என்றுதான் விசாரிப்பார்கள். சின்னவனின் தாய் ஒருநாள், "அண்ணை, இவனை நீச்சலுக்கு மாத்தி விடுவமோ?" என்று கேட்டார். "பொறுங்கோ தங்கச்சி" என்றேன்.

இங்கிலாந்தில் பாடசாலை ஆண்டைப்போலவே உதைபந்தாட்ட வயதும் செப்டெம்பர் 1இல் தொடங்குகிறது. பெரிய கழகங்களின் இளையோர் அணிகளில் செப்டெம்பர் முதல் நவம்பர் வரை பிறந்தவர்களே நிறைந்திருக்கிறார்கள். பெல்ஜியத்தில் முன்பு ஓகஸ்ட் 1 எல்லையாக இருந்தது. 1997இல் அதை ஜனவரி 1க்கு மாற்றினார்கள். வெர்னர் ஹெல்சனும் சக ஆய்வாளர்களும் கணக்கெடுத்தபோது, இளையோர் அணிகளில் ஓகஸ்டுக்குப் பின் பிறந்தோர் குறைந்து, ஜனவரியை ஒட்டிப் பிறந்தோர் கூடியிருந்தனர். தெரிவானவனுக்கு நல்ல பயிற்றுநர், நல்ல மைதானம், கூடுதல் ஆட்டங்கள். சில வருடங்களில் அவன் உண்மையிலேயே திறமானவனாகிவிடுகிறான். விடுபட்டவன் பந்தையே விட்டுவிடுகிறான்.

விதிவிலக்குகளும் உண்டு. இங்கிலாந்து வீரர் ஹாரி கேன் பிறந்தது 1993 யூலை 28. சிறுவனாக இருந்தபோது ஆர்சனல் அவரை விடுவித்தது. 2018 உலகக் கிண்ணத்தில் 6 கோல்கள் போட்டுத் தங்கக் காலணி வென்றவர் அவர். கேனுக்கு வேறு கழகங்களின் கதவுகள் திறந்தன. எல்லா யூலைப் பிள்ளைக்கும் அப்படி அமையாது. எனக்கு மனம் ஆறாதது அதனால்தான்.

வழி இருக்கிறது. பிரீமியர் லீக் கழகங்கள் சில போட்டிகளில் பிள்ளைகளைப் பிறந்த திகதியை விட்டு உடல் வளர்ச்சியை வைத்துப் பிரித்து ஆடவிடுகின்றன. எங்களைப்போன்ற சிறு கழகங்களுக்கு அதைவிடச் சுலபமான ஒன்று நெதர்லாந்திலிருந்து வந்தது. 2017இல் வெளியான ஆய்வில், தெரிவாளர்களிடம் பிறந்த திகதிகளைத் தாளில் கொடுத்தும் அவர்கள் மூத்தவர்கள் பக்கமே சாய்ந்தார்கள். சட்டை இலக்கங்களை வயது வரிசையில் கொடுத்தபோதுதான் அந்தச் சாய்வு மறைந்தது.

இந்தப் பருவம் எங்கள் அணியிலும் மூத்தவனுக்கு 1, கடைசியாகப் பிறந்தவனுக்கு 10. கோல்காப்பாளர் 6ஆம் இலக்கத்தோடு நிற்பதைப் பார்த்துச் சில தகப்பன்மார் முகம் சுளித்தார்கள். விளக்கிச் சொன்னதும் விளங்கிக்கொண்டார்கள். நீங்களும் சிறுவர் அணி நடத்துகிறவராயின், அடுத்த தெரிவுக்கு முன் இப்படிச் சட்டைகளைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு சதமும் செலவில்லை.